ஒரு தலைப்பு, பல தளங்கள்: செய்தியைத் தேடி அலையாமல் வரவழைப்பது எப்படி?

ஏதாவது ஒரு விஷயத்தில் ஆர்வம் வந்துவிட்டால் நம்மில் பலர் செய்வது இதுதான்: ஞாபகம் வரும்போது கூகுளில் தட்டிப் பார்ப்போம், வாட்ஸாப் குழுவில் யாராவது போட்டால் படிப்போம், ஃபேஸ்புக் காட்டினால் உண்டு, காட்டாவிட்டால் இல்லை. இப்படிப் போனால் முக்கியமானது நழுவிவிடும், முக்கியமில்லாதது ஏழு தடவை கண்ணில் படும். நாம் குறித்துக் கொடுத்த தளங்களில் புதிதாக வருவதை மட்டும் ஓரிடத்தில் சேர்த்துத் தரும் கருவிகள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றைக் காசு கொடுக்காமலே பயன்படுத்தலாம். ஒரு மாலை நேரம் உட்கார்ந்தால் அமைத்துவிடலாம்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் கையில் எதுவும் நிற்காது. எனவே கீழடி உள்ளிட்ட தமிழ்நாட்டு அகழாய்வுகளைத் தொடர விரும்பும் ஒருவர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன். உங்கள் தலைப்பு மஞ்சள் விலையாகவோ மின்சார ஸ்கூட்டராகவோ இருக்கலாம். வழி ஒன்றுதான்.

தலைப்பைச் சுருக்குங்கள்

"தொல்லியல்" என்று ஆரம்பித்தால் எகிப்து மம்மி வரைக்கும் வந்து நிற்கும். "கீழடி" மட்டும் என்றால் சிவகளையும் கொற்கையும் விட்டுப்போகும். "தமிழ்நாட்டில் அண்மைக் காலத்தில் நடந்த, நடக்கும் அகழாய்வுகள்" என்பது சரியான அளவு. ஒரு தாளில் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்: கீழடி, ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை, வெம்பக்கோட்டை, பொற்பனைக்கோட்டை, கொடுமணல். இந்தத் தாள் பின்னால் ரொம்பவே உதவும்.

ஃபீட் என்றால் என்ன?

பல செய்தித் தளங்களும் வலைப்பூக்களும் வெளியே தெரியாமல் ஒரு சின்னக் கோப்பையும் வெளியிடுகின்றன. அதில் அண்மையில் வந்த பதிவுகளின் தலைப்பு, சுட்டி, தேதி, கொஞ்சம் சுருக்கம், இவ்வளவுதான் இருக்கும். இதைத்தான் ஃபீட் என்கிறோம். செய்தியோடை என்றும் சொல்வதுண்டு. ஃபீட் ரீடர் என்ற மென்பொருள் குறிப்பிட்ட இடைவெளியில் போய் இந்தக் கோப்புகளைப் பார்த்து, புதிதாக என்ன இருக்கிறதோ அதை எடுத்துவந்து வரிசையாக அடுக்கும். இது நீங்கள் கொடுத்த பட்டியலைத்தான் மதிக்கும். உங்களுக்கு எது பிடிக்கும் என்று ஊகித்து எதையும் உள்ளே தள்ளாது, எதையும் ஒளிக்காது. ஃபேஸ்புக்கிலிருந்து இது வேறுபடும் இடம் அதுதான்.

இந்த வடிவத்தின் பெயர் ஆர்எஸ்எஸ். பெயரைப் பார்த்து வேறு எதையும் நினைத்துவிட வேண்டாம். ஆனால் தமிழில் அந்தப் பெயரைத் தேடினால் அரசியல் செய்திதான் வரும், "ஆர்எஸ்எஸ் ஃபீட்" என்று சேர்த்துத் தேடுங்கள். 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இது பிறந்தது. உருவாக்கியவர்களில் ராமநாதன் குஹா என்ற இந்தியரும் ஒருவர். பழைய சமாச்சாரம் என்று சிலர் ஒதுக்குவார்கள். நீங்கள் கேட்கும் பாட்காஸ்டுகளில் பெரும்பாலானவை இன்றைக்கும் இதே வழியில்தான் உங்கள் போனுக்கு வந்து சேர்கின்றன.

ரீடரைத் தேர்ந்தெடுப்பது

இதில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பிரௌசரிலும் போனிலும் ஒரே பட்டியல் வேண்டும் என்றால் ஃபீட்லி அல்லது இனோரீடர். முதலாவதன் இலவசக் கணக்கில் 100 ஃபீடுகள் வரையிலும் இரண்டாவதில் 150 வரையிலும் சேர்க்கலாம். இந்த வரம்புகள் அவ்வப்போது மாறும், ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு முப்பதே அதிகம். ஐபோன், மேக் வைத்திருப்பவர்களுக்கு நெட்நியூஸ்வயர் முழுக்க இலவசம், விளம்பரமும் கிடையாது. மின்னஞ்சலுக்கு தண்டர்பேர்ட் பயன்படுத்துபவர்கள் புதிதாக எதையும் நிறுவவே வேண்டாம், அதற்குள்ளேயே ஃபீட் படிக்கும் வசதி இருக்கிறது. சொந்தமாக சர்வர் வைத்து விளையாடத் தெரிந்தவர்களுக்கு ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்.

இங்கே இனோரீடரை வைத்துச் சொல்கிறேன். மற்றவற்றிலும் பொத்தான்களின் இடம்தான் மாறும்.

தளங்களைச் சேர்ப்பது

கணக்கு தொடங்கியதும் மேலே ஒரு தேடல் பெட்டி இருக்கும். அதில் தளத்தின் முகவரியை அப்படியே ஒட்டுங்கள். பெரும்பாலான தளங்களுக்கு ரீடரே ஃபீடைக் கண்டுபிடித்துக் காட்டும். பின்தொடர்வதற்கான பொத்தானை அழுத்தினால் முடிந்தது. பிபிசி தமிழுக்கு ஃபீட் உண்டு. தி இந்து ஆங்கில நாளிதழ் பகுதிவாரியாகத் தனித்தனி ஃபீட் தருகிறது. முழு நாளிதழையும் சேர்க்காமல் தமிழ்நாடு பகுதியை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவே நாளுக்கு நிறைய வரும்.

ரீடர் கண்டுபிடிக்கவில்லை என்றால் இரண்டு தந்திரங்கள். வேர்ட்பிரஸில் ஓடும் தளம் என்றால் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு, ஃபீட் என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் வேலை செய்யும். பிளாக்ஸ்பாட் என்றால் சாய்கோடு, ஃபீட்ஸ், சாய்கோடு, போஸ்ட்ஸ், சாய்கோடு, டிஃபால்ட் என்று ஆங்கிலத்தில் சேர்க்க வேண்டும். கல்வெட்டு, நாணயம், நடுகல் பற்றித் தனி ஆளாக எழுதும் பல தமிழ் வலைப்பூக்கள் இன்னும் பிளாக்ஸ்பாட்டில்தான் இருக்கின்றன, அதனால் இந்த இரண்டாவது தந்திரம் நமக்கு நிறையப் பயன்படும். யூடியூப் சேனலுக்கும் ஃபீட் உண்டு. சேனலின் முகவரியை ஒட்டினாலே போதும். கூகுள் கணக்கில் நுழையாமலே, பக்கத்தில் வரிசைகட்டும் மற்ற வீடியோக்களில் மாட்டாமல், புது வீடியோ வந்தது மட்டும் தெரியும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்துக்கும் ஒரு ஃபீட் இருக்கிறது. கீழடி பற்றிய தமிழ், ஆங்கிலக் கட்டுரைகளின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, கருவிப் பட்டியலில் ஆட்டம் என்ற ஆங்கிலச் சொல்லாக இருக்கும் சுட்டியை (ஃபீடின் இன்னொரு வடிவம் அது) சேர்த்துவிடுங்கள். யாராவது தொகுத்தால் உடனே தெரியும். ஒரு புதிய காலக்கணிப்பு வெளியானதும், ஆதாரத்தோடு அதை அங்கே யாராவது சேர்த்திருப்பார்கள். அந்த ஆதாரச் சுட்டிதான் நமக்கு வேண்டியது.

வேறு தலைப்புக்காரர்களுக்கு ஒரு வரி: ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ஆகியவை ஃபீட் தருகின்றன. மருத்துவ ஆய்வுகளுக்கு பப்மெடில் நீங்கள் தேடிய தேடலையே ஃபீடாக மாற்றிக்கொள்ளலாம்.

தேடலையே காவலுக்கு வைப்பது

தெரிந்த தளங்களைச் சேர்த்தாயிற்று. தெரியாத தளத்தில் ஒரு நல்ல கட்டுரை வந்தால்? அதற்குத்தான் கூகுள் அலர்ட்ஸ். ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டால், அந்தச் சொல் புதிதாக எங்கே தென்பட்டாலும் சொல்லும். இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடமும் இதுதான், ஏனென்றால் சொல்லைத் தப்பாகக் கொடுத்தால் ஒன்று எதுவுமே வராது, அல்லது குப்பை கொட்டும்.

ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் தொடங்குங்கள். கீழடியை ஆங்கிலத்தில் எழுதும்போது ழ-வுக்கு இசட்டும் ஹெச்சும் போடுபவர்கள் உண்டு, வெறும் எல் போடுபவர்கள் உண்டு. முதல் எழுத்துக்கு இரண்டு ஈ போடுபவர்களும் உண்டு, ஒரு ஐ-யோடு நிறுத்துபவர்களும் உண்டு. 2020இல் கீழடிப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதைக் கண்ட ஆய்வு சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்தது. அதில் ஊர்ப்பெயர் எல் எழுத்தோடுதான் இருக்கிறது. இசட் ஹெச் வடிவத்தை மட்டும் காவலுக்கு வைத்தவருக்கு இது தப்பிப்போக எல்லா வாய்ப்பும் உண்டு. எனவே எல்லா வடிவங்களையும் ஒரே வரியில் எழுதி, இடையில் ஆர் என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் போடுங்கள். "இது அல்லது அது" என்று கூகுள் எடுத்துக்கொள்ளும்.

தமிழில் வேறொரு சிக்கல். நம் மொழியில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்ளும். தலைப்பில் "கீழடியில்" என்றோ "கீழடிக்கு" என்றோ இருந்தால், "கீழடி" என்று மட்டும் கொடுத்த காவல் அதைப் பிடிக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கீழடி, கீழடியில், கீழடியின், கீழடிக்கு என்று நான்கையும் போட்டுவிடுவது நல்லது. கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

அப்புறம் ஊர்ப்பெயர் செய்யும் வம்பு. வெம்பக்கோட்டை என்று காவல் வைத்தால் அகழாய்வை விடப் பட்டாசு ஆலை விபத்துகள்தான் அதிகம் வரும், சிவகாசிக்குப் பக்கம் அல்லவா. பட்டாசு என்ற சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டு விலக்கலாம். ஆனால் "பட்டாசு ஊருக்குப் பக்கத்தில் பழைய சங்கு வளையல்கள்" என்று ஒரு நிருபர் எழுதினால் அந்தக் கட்டுரையும் சேர்ந்து போய்விடும். விலக்குவதை விடச் சேர்ப்பது பாதுகாப்பானது: வெம்பக்கோட்டையோடு அகழாய்வு என்ற சொல்லையும் கொடுங்கள். அகழ்வாராய்ச்சி என்று எழுதுபவர்களும் இருப்பதால் அதையும் ஆர் போட்டுச் சேருங்கள். ஆனால் "அகழ்வு" என்று தனியாகக் கொடுத்துவிடாதீர்கள். இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் மணல் அகழ்வும் மனிதப் புதைகுழி அகழ்வும் அன்றாடச் செய்தி, அவை எல்லாம் வந்து குவியும். பொருநை என்று கொடுத்தால் நெல்லைப் புத்தகத் திருவிழா வரும். இப்படி ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வம்பு இருக்கும். முதல் வாரம் வருவதைப் பார்த்தால்தான் தெரியும், பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

இனி அமைப்பு. கூகுள் அலர்ட்ஸ் பக்கத்தில் சொற்களை எழுதியதும் கீழே கூடுதல் விருப்பங்களைத் திறக்க ஒரு சுட்டி இருக்கும். மொழி, நாடு, எத்தனை முடிவுகள் என்பதெல்லாம் அங்கே. தமிழுக்கு ஓர் அலர்ட், ஆங்கிலத்துக்கு ஓர் அலர்ட் என்று பிரித்து வையுங்கள். முடிவுகள் என்ற இடத்தில் "சிறந்தவை மட்டும்" என்பது முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். நம்மைப் போலக் குறுகலான தலைப்பு வைத்திருப்பவர்கள் அதை "எல்லாம்" என்று மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் சின்னத் தளங்கள் வரவே வராது. எங்கே அனுப்புவது என்ற இடத்தில் மின்னஞ்சலுக்குப் பதில் ஆர்எஸ்எஸ் ஃபீட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அலர்ட் உருவானதும் அதன் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்திலோ சாம்பல் நிறத்திலோ ஒரு சின்ன அலைக்குறி தெரியும். அந்தச் சுட்டியை நகலெடுத்து இனோரீடரில் ஒட்டினால், அலர்ட்டும் மற்றத் தளங்களோடு ஒரே வரிசையில் வந்து நிற்கும். மின்னஞ்சல் பெட்டிக்குத் தொல்லை இல்லை.

அலர்ட்ஸை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். அது சில சமயம் நன்றாகத் தூங்கும். கூடவே கூகுள் நியூஸையும் வையுங்கள். அங்கே தேடினால் வரும் முகவரியில், கூகுள் டாட் காம் என்பதற்கும் சர்ச் என்பதற்கும் நடுவில் ஆர்எஸ்எஸ் என்ற மூன்று எழுத்தையும் ஒரு சாய்கோட்டையும் நுழைத்தால் அந்தத் தேடல் ஃபீடாகிவிடும். பக்கத்தில் இதற்குப் பொத்தான் எதுவும் கிடையாது, ஆனால் வேலை செய்கிறது. ஆய்வுக் கட்டுரைகளுக்கு கூகுள் ஸ்காலரில் தனியாக அலர்ட் உண்டு. அது மின்னஞ்சலில்தான் வரும், எப்போதாவதுதான் வரும், அதனால் தொல்லையாக இருக்காது.

ஃபீடே இல்லாத தளங்கள்

அரசுத் துறைகளின் தளங்கள் பலவற்றில் ஃபீட் இருக்காது. அறிவிப்புகள் என்று ஒரு பக்கம் இருக்கும், அதில் ஒரு பிடிஎஃப் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கும். இதற்கு டிஸ்டில், விஷுவல்பிங் போன்ற பக்கக் கண்காணிப்புக் கருவிகள். முகவரியைக் கொடுத்து, பக்கத்தில் எந்தப் பகுதியைக் கவனிக்க வேண்டும் என்று மவுஸால் கோடு போட்டுக் காட்டினால், அது மாறும்போது சொல்லும். முழுப் பக்கத்தையும் கொடுத்துவிடாதீர்கள். பார்வையாளர் எண்ணிக்கை மாறினால்கூட மணி அடிக்கும். அறிவிப்புப் பட்டியலை மட்டும் குறித்துக் கொடுங்கள். நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

ஒரே செய்தி ஐம்பது முறை வரும்போது

எல்லாம் அமைத்த முதல் வாரம் உற்சாகமாக இருக்கும். இரண்டாம் வாரம் படிக்காத எண்ணிக்கை ஐந்நூறைத் தொட்டு மலைப்பாகிவிடும். இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

2025 ஜனவரி 23ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் நிலத்தில் சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்புக்காலம் தொடங்கியது என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் சென்னையில் அறிவித்தார். அன்றும் மறுநாளும் இந்த ஒரே செய்திதான் எல்லா நாளிதழ்களிலும் எல்லாச் சேனல்களிலும். பெரும்பாலானவற்றில் உள்ளே இருந்த விவரம் ஒன்றேதான். அன்று வெளியானதோ தொல்லியலாளர்கள் க. ராஜனும் ரா. சிவானந்தமும் எழுதிய ஒரு நூல். சிவகளையில் கிடைத்த மாதிரிகளில் ஒன்று கி.மு. 3345 வரை போகிறது என்பதும், மாதிரிகள் அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக், லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம் ஆகிய இடங்களில் சோதிக்கப்பட்டன என்பதும் அந்த நூலின் விஷயம். ஐம்பது தலைப்புகளைப் படிப்பதற்குப் பதில் ஒரு நல்ல செய்தியையும் அந்த நூலையும் பார்த்துவிட்டு, மீதியை "எல்லாம் படித்தாயிற்று" என்ற பொத்தானால் தள்ளிவிடலாம். கூச்சப்படாமல் அழுத்துங்கள்.

அதற்கு வசதியாக ஃபீடுகளை இரண்டே கோப்புறைகளாகப் பிரியுங்கள். ஒன்று, மாதத்துக்கு நாலைந்து பதிவுகள் மட்டும் வரும் மெதுவான இடங்கள்: வலைப்பூக்கள், விக்கி வரலாறு, யூடியூபில் ஆய்வாளர்களின் உரைகள். இவற்றை ஒன்றுவிடாமல் படியுங்கள். இன்னொன்று, நாளிதழ்களும் அலர்ட்டுகளும். இவற்றில் தலைப்பை மட்டும் மேய்ந்துவிட்டு நகருங்கள். எல்லோரும் வேகமான தளங்களைச் சேர்ப்பதில்தான் ஆர்வம் காட்டுகிறார்கள். என் கணிப்பில் இந்தக் கருவியின் உண்மையான பயன் முதல் கோப்புறைதான். தினமும் எழுதும் நாளிதழ் எப்படியும் கண்ணில் படும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதும் ஆள் எழுதியதுதான் யாருக்கும் தெரியாமல் போகும்.

சொல்லை வைத்து வடிகட்டும் வசதி ரீடர்களில் பெரும்பாலும் கட்டணத் திட்டத்தில்தான் கிடைக்கும். அதற்காகப் பணம் கட்ட வேண்டியதில்லை. சத்தம் அதிகம் போடும் ஃபீட் ஒன்றை நீக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஏஐ கருவிகளிடம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் சேகரித்த பிறகு. "கீழடி பற்றிச் சொல்" என்று நேரடியாகக் கேட்டால், ஆண்டையும் ஆளையும் கலந்து பேசும் அபாயம் உண்டு. மத்தியத் தொல்லியல் துறை 2014-15இல் தொடங்கிய கட்டங்களையும், 2018இல் நான்காம் கட்டத்திலிருந்து மாநிலத் துறை நடத்தியவற்றையும் குழப்பிக்கொள்வது மனிதர்களுக்கே நடக்கிறது. கூகுளின் நோட்புக்எல்எம் இந்த விஷயத்தில் தேவலாம். நீங்கள் ஏற்றிய பிடிஎஃப்களையும் சுட்டிகளையும் அடிப்படையாக வைத்துப் பதில் சொல்லும், ஒவ்வொரு வரிக்கும் எந்த ஆவணம் என்று எண் போட்டுக் காட்டும். அந்த எண்ணை அழுத்தி மூலத்தைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

தமிழ் ஆவணங்களை ஏற்றும்போது ஒரு கண்ணி இருக்கிறது. பழைய அரசு பிடிஎஃப்கள் பல வானவில் போன்ற எழுத்துருக்களில் செய்யப்பட்டவை. திரையில் அழகான தமிழாகத் தெரியும், ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றதற்கு முந்தைய கோப்புகளில் இது சகஜம், பிந்தையவற்றிலும் உண்டு. ஏற்றும் முன் ஒரு வரியை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் சரி. வராவிட்டால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிட்டு ஏற்றுங்கள். கூகுள் தேடலில் இந்த ஆவணங்கள் அகப்படாததற்கும் இதுதான் காரணம்.

பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

படித்ததில் முக்கியமானதை ஸோடெரோ என்ற மேற்கோள் சேகரிப்பு மென்பொருளில் சேமியுங்கள். தேதி, ஆசிரியர் எல்லாம் தானாகப் பதிவாகும், பிறகு மேற்கோள் காட்டும்போது தேட வேண்டாம். செய்தித் தளங்கள் முகவரியை மாற்றுவதும் பழையதை நீக்குவதும் வழக்கம் என்பதால், இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து ஒரு நகல் எடுக்கச் சொல்லிவிடுங்கள்.

எந்தச் சேவையும் நிரந்தரமில்லை. 2005இல் வந்த கூகுள் ரீடர் எல்லோருக்கும் பிடித்திருந்தது, 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள். பிறகு படிப்பதற்குச் சேமித்துவைக்கும் பாக்கெட்டை மொஸில்லா 2025 ஜூலையில் மூடியது. தமிழிலும் இது நடந்திருக்கிறது. பல வலைப்பூக்களின் புதிய பதிவுகளை ஒரே பக்கத்தில் திரட்டிக் காட்டும் தளமாகக் காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய தமிழ்மணத்தில் ஒரு காலத்தில் தமிழ் வலைப்பதிவுலகமே கூடியது. தேன்கூடு, இன்ட்லி என்று பிறகு பலவும் வந்தன. அந்த முகப்புகளை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு அவை ஓய்ந்ததும் பிடித்த பதிவர்களின் முகவரிகூடக் கையில் இல்லாமல் போனது.

இதற்கு ஓபிஎம்எல் கோப்பு உதவும். இனோரீடரின் அமைப்புகளில் ஏற்றுமதி என்ற இடத்துக்குப் போனால் உங்கள் ஃபீடுகள், கோப்புறைகள் எல்லாம் ஒரே சின்னக் கோப்பாக இறங்கும். இதை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள், புதிதாக நாலைந்து தளம் சேர்த்ததும் மறுபடி எடுங்கள். நாளைக்கு ஃபீட்லிக்கோ நெட்நியூஸ்வயருக்கோ மாற நினைத்தால் அங்கே இறக்குமதியில் இந்தக் கோப்பைக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் பட்டியல் அப்படியே வந்துவிடும். நண்பருக்கும் கொடுக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: கூகுள் அலர்ட் ஃபீடுகளும் அதில் சேர்ந்தே போகும், உங்கள் கணக்கில் அந்த அலர்ட்டை நீக்கினால் அவரிடத்திலும் அது நின்றுவிடும். அவரையே தனியாக ஓர் அலர்ட் உருவாக்கச் சொல்லுங்கள், நான்கு வேற்றுமை வடிவங்களையும் மறக்காமல் போடச் சொல்லி.